பெயர் ஒட்டாத டப்பாக்கள்

என் சமையலறையில் எந்த டப்பாவிலும் பெயர் இருக்காது. மாவு, சர்க்கரை, பட்டைத்தூள், சோடா உப்பு எல்லாம் ஒரே அளவு வெள்ளை டப்பாக்களில்தான் இருக்கும். கடையிலிருந்து எது வந்தாலும் உறையைக் கிழித்துக் குப்பையில் போட்டுவிட்டு டப்பாவுக்கு மாற்றிவிடுவேன். ஃப்ரிட்ஜிலும் அதே சட்டம்தான். கல்யாணமான புதிதில் என் கணவர் உப்பென்று நினைத்து வேகவைத்த முட்டையில் சர்க்கரையைத் தூவிச் சாப்பிட்டுவிட்டு, "இது வீடா, பரீட்சை ஹாலா?" என்று கேட்டார். பரீட்சை ஹால்தான் என்று சொன்னேன். பாவம், அன்றிலிருந்து அவரும் எதைத் திறந்தாலும் மோந்து பார்க்கப் பழகிக்கொண்டார்.

இந்தப் பழக்கம் நான் வேலை செய்யும் இடத்திலிருந்து வந்தது. ஒரு பிஸ்கட் கம்பெனியில் ருசி பார்ப்பது என் வேலை. தின்பதற்குச் சம்பளமா என்று கேட்காத சொந்தக்காரர் எனக்கு இல்லை. வந்து ஒரு நாள் உட்கார்ந்து பார்த்தால் தெரியும். ஜன்னல் இல்லாத அறையில் ஆறு தடுப்புகள், ஆறு ஸ்டூல்கள், ஒவ்வொரு தடுப்பிலும் ஒரு சிவப்பு பல்பு. பிஸ்கட்டின் நிறம் கண்ணில் படக் கூடாது என்பதற்காகச் சிவப்பு வெளிச்சம். சுவரில் ஒரு சின்னத் திறப்பு வழியாகத் தட்டு வரும். தட்டில் பெயர் இருக்காது, மூன்று இலக்க எண்தான் இருக்கும். பேசக் கூடாது, செருமக் கூடாது. கடித்து, மென்று, தண்ணீர் குடித்து, தாளில் பத்துக்கு எத்தனை என்று எழுதி, அதே திறப்பு வழியாகத் திருப்பித் தள்ள வேண்டும். பெயரைப் பார்த்தால் நாக்கு பொய் சொல்லும் என்பதுதான் எங்களுக்குச் சொல்லித்தரும் முதல் பாடம். பத்தொன்பது வருஷமாக அந்தப் பாடத்தை நான் வீட்டுக்கும் தூக்கிக்கொண்டு வந்தேன்.

கம்பெனியில் எனக்குப் பெயரே 'நாக்கு'. மாவில் உப்பு ஒரு சிட்டிகை கூடியிருந்தாலும் எந்த ஷிப்டில் கூடியது என்று சொல்லிவிடுவேன் என்று ஒரு பேச்சு உண்டு. அதில் பாதி நானே கிளப்பிவிட்டது. ஆனால் எனக்கு மட்டும் தெரிந்த ஒரு விஷயம் இருக்கிறது. நாக்குக்குத் தெரிவது இனிப்பு, புளிப்பு, உப்பு, கசப்பு என்று விரல்விட்டு எண்ணக்கூடிய சங்கதிகள்தான். பட்டை, ஏலக்காய், வெண்ணெய், எலுமிச்சை, பழைய எண்ணெய், புது எண்ணெய் எல்லாம் மூக்கின் வேலை. பெயரை நாக்கு வாங்கிக்கொள்ளும், உழைப்பது மூக்கு.

அந்த மூக்குதான் மூன்று மாதத்துக்கு முன்னால் போய்விட்டது. நான்கு நாள் காய்ச்சல். ஐந்தாம் நாள் எழுந்து காபி போட்டால் அது வெறும் கசப்பு வெந்நீராக இருந்தது. டாக்டர் விளக்கடித்துப் பார்த்துவிட்டு, "திரும்பி வரலாம், வராமலும் போகலாம்" என்றார். இதைச் சொல்வதற்கு அவருக்குப் பத்து வருஷப் படிப்பு. வீட்டில் கணவரிடம் மட்டும் சொன்னேன். கம்பெனியில் மூச்சு விடவில்லை.

எங்கள் தாளின் தலைப்பிலேயே ஒரு கேள்வி உண்டு. இன்று சளி, காய்ச்சல், வாசனை தெரியாமை ஏதேனும் உண்டா? பக்கத்தில் இரண்டு கட்டங்கள். ஆம் என்று குறித்தால் அன்றைக்கு ருசி பார்க்க வேண்டியதில்லை, ஒரு வாரத்துக்கு மேல் நீண்டால் குழுவிலிருந்து எடுத்து வேறு பிரிவில் போடுவார்கள். மூன்று மாதமாக நான் தினமும் 'இல்லை' என்று குறித்துவந்தேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பார்கள். பத்தொன்பது வருஷப் பேர் இருந்தால் மறைக்கலாம். மொறுமொறுப்பு பல்லுக்குத் தெரியும், இனிப்பு நாக்குக்குத் தெரியும், மிச்சத்தை ஞாபகத்திலிருந்து எழுதினேன். பெரும்பாலும் எட்டு போட்டேன். எட்டு போட்டால் யாரும் ஏன் என்று கேட்பதில்லை.

அதனால் அடிபட்டவர், 'சந்தேகம்' என்று நாங்கள் கூப்பிடும் ஆள்.

அவருக்கும் ஒரு பெயர் இருக்கிறது, யாரும் கூப்பிடுவதில்லை. ஓவன் பிரிவிலிருந்து ஆறு வருஷத்துக்கு முன்னால் எங்கள் குழுவுக்கு வந்தவர். குடிக்கிற தண்ணீரையும் ஒரு தடவை மோந்து பார்த்துவிட்டுத்தான் குடிப்பார். தாளில் எதை எழுதினாலும் முடிவில் 'என்று நினைக்கிறேன்' என்று சேர்ப்பார். ஆனால் நல்ல மூக்கு. அதை அவரிடம் நான் சொன்னதில்லை. எங்கள் குழுவில் என் மதிப்பெண்தான் அளவுகோல். என்னுடையதிலிருந்து மூன்றுக்கு மேல் விலகினால் விலகியவர் பெயருக்கு நேரே ஒரு சிவப்புக் குறி விழும். வருஷத்தில் ஆறு குறி விழுந்தால் குழுவிலிருந்து நீக்கிப் பேக்கிங் பிரிவுக்கு அனுப்பிவிடுவார்கள். மற்ற நால்வரும் புத்திசாலிகள். நாக்கு எவ்வளவு போடும் என்று ஊகித்து அதற்குப் பக்கத்திலேயே நின்றுகொள்வார்கள். சந்தேகம் மட்டும் தனக்குத் தெரிந்ததை எழுதினார். வெண்ணெய் பிஸ்கட்டுக்கு நான் எட்டு போட்ட அன்று அவர் மூன்று போட்டு, 'எண்ணெய் சிக்கு வாடை, என்று நினைக்கிறேன்' என்று எழுதியிருந்தார். மூன்று மாதத்தில் ஐந்து குறிகள்.

அவர் சொன்னதுதான் சரியாக இருக்கும் என்று எனக்குத் தெரியும். பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பதற்கு நானே உதாரணமாக உட்கார்ந்திருந்தேன். வெட்கமாகத்தான் இருந்தது. வேலை போய்விடுமே என்ற பயம் அந்த வெட்கத்தைவிடப் பெரிதாக இருந்தது.

இந்த லட்சணத்தில்தான் மேலாளர் என்னைக் கூப்பிட்டார். கம்பெனி புதிதாகக் கேரட் கேக் போடப்போகிறது, மேலே கிரீம் சீஸ் பூச்சோடு. முதல் தயாரிப்பைத் திங்கட்கிழமை குழுவின் முன் வைக்க வேண்டும். பக்கத்தில் வைத்து ஒப்பிட ஒரு நல்ல வீட்டுக் கேக் தேவை.

"உன் கேரட் கேக் பத்தி வருஷக்கணக்கா காதுல போட்டுக்கிட்டே இருக்கியே. ஞாயித்துக்கிழமை ஒண்ணு செஞ்சு கொண்டு வா" என்றார்.

சும்மா இருந்த சங்கை ஊதிக் கெடுத்தது என் வாய்தான். சரி என்று தலையாட்டிவிட்டு வந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் என் கணவரைச் சமையலறையில் ஸ்டூல் போட்டு உட்காரவைத்தேன். அவர் பஸ் டிரைவர். அன்றைக்கு மதிய ஷிப்ட், இரண்டு மணிக்குக் கிளம்ப வேண்டும். அதுவரை அவருடைய மூக்கு எனக்கு வாடகை மூக்கு.

முதலில் டப்பாக்கள். எது பட்டைத்தூள், எது ஜாதிக்காய்த்தூள் என்று எனக்குத் தெரியவில்லை. இரண்டும் பழுப்பு. ஒன்றைத் திறந்து அவர் முகத்துக்கு நேரே நீட்டினேன்.

"இது இனிப்பா, காரமா இருக்கு" என்றார்.

"இனிப்பா காரமான்னு ரெண்டையும் சொன்னா எப்படி?"

"ரெண்டுமாத்தான் இருக்கு. நான் என்ன பண்ணட்டும்?"

"அப்ப அது பட்டை. இது?"

"இது... பழைய மர பீரோ."

"ஜாதிக்காய். நல்லவேளை, டீசல்னு சொல்லலை."

சோடா உப்புக்கும் பேக்கிங் பவுடருக்கும் அவர் தேவைப்படவில்லை. இரண்டு கிண்ணத்தில் வெந்நீர் வைத்து ஆளுக்குக் கால் ஸ்பூன் போட்டேன். உடனே குபுகுபுவென்று பொங்கியது பேக்கிங் பவுடர். எனக்கு ஒரே பெருமை. மூக்கில்லாமலும் பிழைத்துக்கொள்வேன் என்று அந்தக் கிண்ணத்தைப் பார்த்து நினைத்தேன். அந்தப் பெருமைதான் பின்னால் என்னைக் கவிழ்த்தது.

ஐந்து கேரட்டைத் தோல் சீவி, துருவியின் சின்னக் கண்ணில் துருவினேன். பெரிய கண்ணில் துருவினால் கேக்கில் நார்நாராக நிற்கும். கடைசித் துண்டோடு விரல் முட்டியும் கொஞ்சம் போனது. துருவலைப் பிழியக் கூடாது, அந்த ஈரம்தான் மறுநாள் வரை கேக்கைக் காயாமல் வைத்திருக்கும். நான்கு முட்டையையும் பழுப்புச் சர்க்கரையையும் நுரைக்க அடித்து, எண்ணெயை மெல்லிய தாரையாக ஊற்றினேன். இந்தக் கேக்குக்கு வெண்ணெய் வேண்டாம். வெண்ணெய் ஃப்ரிட்ஜில் இறுகிவிடும், எண்ணெய் இறுகாது. பட்டைத்தூளை அளக்கும்போது என் கை தானாகத் தயங்கியது. முன்பெல்லாம் நான் ஸ்பூனால் அளந்ததே இல்லை. கொஞ்சம் போட்டு, கிண்ணத்தின் மேலே குனிந்து, இன்னும் கொஞ்சம் போட்டு, போதும் என்று மூக்கு சொன்னதும் நிறுத்துவேன்.

"நீங்க மோந்து பார்த்து, போதும்னு தோணும்போது சொல்லுங்க" என்றேன்.

அவர் ரொம்ப நேரம் சொல்லவில்லை. பிரியமாக உதவுகிறவர்கள் எதையும் தாராளமாகத்தான் செய்வார்கள்.

வால்நட்டை வாணலியில் வறுக்கும்போதும் அவர்தான் காவல். "இன்னும் வரலை. இப்ப லேசா வருது. நல்லா வருது. ஐயோ, எடு எடு, தீயுது" என்று ஒரே மூச்சில் சொல்லி முடித்தார். நாலைந்து கருகிவிட்டன, பொறுக்கி எடுத்தேன். மாவைச் சலித்துச் சேர்த்து, கேரட்டும் வால்நட்டும் கலந்து, இரண்டு வட்டத் தட்டுகளில் ஊற்றி ஓவனுக்குள் தள்ளினேன்.

கால் மணி நேரம் கழித்து அவர் தலையைத் தூக்கி, "இப்ப வீடே மணக்குது" என்றார்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. ஓவன் கண்ணாடிக்கு முன்னால் நிற்கிறேன், உள்ளே என் கேக் எழும்புவது தெரிகிறது, எனக்கு ஒன்றுமே வரவில்லை. அவர் எழுந்து வந்து என் தோளில் கை வைத்தார்.

"ஆபீஸ்ல சொல்லிடேன்" என்றார்.

"சொல்லி? பேக்கிங்ல நின்னு பெட்டி மடிக்கவா?"

"பெட்டி மடிக்கிறது என்ன கேவலமா? நான் பஸ் ஓட்டறேன்."

"உங்களுக்குக் கண்ணு போச்சுன்னா நீங்க சொல்வீங்களா?"

"சொல்லாம ஓட்டினா அறுபது பேர் செத்துப் போவாங்க" என்றார்.

பிஸ்கட்டால் யாரும் சாவதில்லை என்று வாதாடினேன். குச்சி விட்டுப் பார்த்தேன், ஒட்டாமல் வந்தது. கேக்கை வெளியே எடுத்துக் கம்பி வலையில் கவிழ்த்தோம். இரண்டு மணிக்கு அவர் தன் சாப்பாட்டுப் பையோடு கிளம்பினார்.

கேக் முழுக்க ஆறிய பிறகுதான் மேல்பூச்சு. சூட்டில் பூசினால் கிரீம் வழிந்து தட்டுக்கு வந்துவிடும். நான்கு மணி வரை காத்திருந்து ஃப்ரிட்ஜைத் திறந்தேன். முதல் நாள் நான் வாங்கிய இரண்டு கிரீம் சீஸையும் வழக்கம்போல் இரண்டு வெள்ளை டப்பாக்களில் மாற்றி வைத்திருந்தேன். முன்னால் இரண்டு டப்பா, பின்னால் ஒன்று. பின்னால் இருப்பது தயிர் என்று நினைத்து முன்னால் இருந்த இரண்டையும் எடுத்தேன். அறைச் சூட்டில் இளகிய வெண்ணெயைத் தனியாக அடித்து, சீஸைச் சேர்த்து, பொடித்த சர்க்கரையை மூன்று தடவையாகப் போட்டு, எலுமிச்சையைப் பிழிந்தேன். ஒரு ஸ்பூன் எடுத்து வாயில் வைத்தேன். வழவழவென்று இருந்தது. இனிப்பு சரி, புளிப்பு சரி. லேசாக உப்பு தட்டியது. உப்பு போட்ட வெண்ணெய் போலிருக்கிறது என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன். நாக்கு தன் கடமையைச் செய்தது, நான்தான் காதில் வாங்கவில்லை.

இரண்டு அடுக்குக்கும் நடுவில் ஒரு பூச்சு, மேலே ஒரு பூச்சு, சுற்றிலும் ஒரு பூச்சு. ஓரத்தைக் கத்தியால் வழித்து நேராக்கினேன். பார்க்கக் கடைக் கேக் தோற்றுப்போகும். பெட்டியில் வைத்து நூல் கட்டி, யாரும் தொடக் கூடாது என்று கணவருக்குச் சீட்டு எழுதி ஒட்டினேன். குழு பார்ப்பதற்கு முன் மாதிரியை யாரும் தொடக் கூடாது என்பதும் எங்கள் விதிதான். அவரும் தொடவில்லை. தொட்டிருந்தால் இந்தக் கதை அங்கேயே முடிந்திருக்கும்.

திங்கட்கிழமை கேக்கைத் தட்டு அனுப்பும் அக்காவிடம் கொடுத்தேன். சுவருக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து துண்டு போட்டு எண் எழுதி அனுப்புவது அவர் வேலை. மாதிரியைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசக் கூடாது. நூலை அவிழ்த்து மூடியைத் திறந்தார். என்னைப் பார்த்தார். மறுபடி கேக்கைப் பார்த்தார். மூடியை மெதுவாக மூடினார்.

என் கைவேலையைப் பார்த்து அசந்துபோய்விட்டார் என்று நினைத்தேன்.

சிவப்பு வெளிச்சத்தில் இரண்டு தட்டுகள் வந்தன. 417, 582. கட்டத்தில் 'இல்லை' என்று குறித்தேன். 417 பஞ்சு மாதிரி இருந்தது, கம்பெனி கேக். எட்டு போட்டேன். 582இல் வால்நட் கடிபட்டது. என் பிள்ளையை எனக்குத் தெரியாதா? ஒன்பது போட்டேன். பத்து போட்டால் அடக்கம் இல்லாதவள் என்று ஆகிவிடும். 'பட்டையும் ஜாதிக்காயும் சமன். குறை இல்லை' என்று எழுதித் திறப்பு வழியாகத் தள்ளினேன். எப்போதும் முதலில் தள்ளுவது நான்தான். அது எனக்கொரு கெத்து.

அதற்குப் பிறகுதான் சத்தங்கள் கேட்டன. இடது பக்கம் ஒருவர் தண்ணீரை மடக்மடக்கென்று குடித்தார். வலது பக்கம் ஒருவர் இருமலை அடக்கினார். எங்கோ ஒரு ஸ்டூல் கிரீச்சிட்டது. ஐந்து பேரும் ஒரே சமயத்தில் தண்ணீர் குடித்து நான் கேட்டதில்லை. என்னவோ தப்பு என்று புரிந்தது. என்ன தப்பு என்று புரியவில்லை. தாளும் கையைவிட்டுப் போய்விட்டது.

வெளியே மேஜையைச் சுற்றி நின்றோம். மேலாளர் முதலில் 582இன் தாள்களை எடுத்தார்.

"பூண்டு" என்று படித்தார். அடுத்த தாள். "பூண்டு." மூன்றாவது. "கேக் மிருது, ஆனா பூண்டு." நான்காவது தாளில், 'பூண்டு ரொட்டிக்கு நல்ல முயற்சி' என்று எங்கள் குழுவில் இருக்கும் ஸ்டோர்காரர் எழுதியிருந்தார். சந்தேகத்தின் தாளில் 'பூண்டு. நிச்சயம்' என்று இருந்தது. ஆறு வருஷத்தில் அவர் 'என்று நினைக்கிறேன்' போடாமல் எழுதிய முதல் வரி அதுவாகத்தான் இருக்கும்.

பிறகு என் தாள். ஒன்பது. குறை இல்லை.

என் காது இரண்டும் சுட்டது. ஆனைக்கும் அடி சறுக்கும் என்று சொல்வார்கள், ஆனை குப்புற விழுந்து கிடந்தது. அப்போது மேலாளர் திடீரென்று விழுந்து விழுந்து சிரித்தார்.

"வேணும்னேதானே பண்ணினே? மாட்டுத்தாளு போட்டிருக்கே" என்றார்.

எங்கள் தொழிலில் அப்படி ஒன்று உண்டு. வருஷத்துக்கு ஒரு முறை வேண்டுமென்றே ஒரு கெட்ட மாதிரியை நடுவில் நுழைத்து, அளவுகோலாக இருப்பவர் அதற்கு நல்ல மதிப்பெண்ணும் போட்டு, மற்றவர்கள் பயப்படாமல் உண்மையை எழுதுகிறார்களா என்று பார்ப்பார்கள். ஆளை மாட்டவைக்கும் தாள் என்பதால் அதற்கு மாட்டுத்தாள் என்று பெயர். கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்ததுபோல் வழி திறந்தது. மற்றவர்களும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

"எத்தனை பேர் தைரியமா எழுதறீங்கன்னு பார்த்தேன்" என்றேன்.

ஆமாம், சொன்னேன். வாய் கூசவில்லை. தப்பித்துவிட்டேன் என்ற நிம்மதிதான் இருந்தது.

மேலாளர் 417இன் தாள்களை எடுத்தார். ஏழு, ஏழு, எட்டு, ஏழு. என்னுடையது எட்டு. கடைசியாகச் சந்தேகம். நான்கு. 'எண்ணெய் லேசாகச் சிக்கு வாடை, என்று நினைக்கிறேன்.'

மேலாளர் தாளைக் கீழே வைத்தார். "நாலு குறைச்சல். இதோட ஆறாவது குறி விழுதுப்பா" என்றார். அவர் கெட்டவர் இல்லை, வருத்தமாகத்தான் சொன்னார். "பூண்டு யாருக்கும் தெரியும். இந்த வேலைக்கு அது பத்தாதில்ல?"

சந்தேகம் சண்டை போடுவார் என்று நினைத்தேன். அவர் போடவில்லை.

"சரிங்க சார்" என்றார். "எனக்கே என் மேல நம்பிக்கை இல்லை. போன மாசம் டாக்டரைப் போய்ப் பார்த்தேன், மூக்குல ஒண்ணும் கோளாறு இல்லைன்னார். ஆனா நாக்கு அக்காவே எட்டு போட்டிருக்கும்போது நான் என்ன சொல்றது." சட்டைப்பையிலிருந்து, குழுவில் இருப்பவர்களுக்குக் கம்பெனி கொடுக்கும் பென்சிலை எடுத்து மேஜையில் வைத்தார்.

அந்தப் பென்சிலைப் பார்த்துக்கொண்டே நின்றேன். நுனி நன்றாகச் சீவியிருந்தது. இன்னும் எழுதலாம் என்று நினைத்துத்தான் காலையில் சீவியிருப்பார். நான் வாயை மூடிக்கொண்டு இன்னும் ஒரு நிமிஷம் நின்றால் போதும், எல்லாம் முடிந்துவிடும். அவர் கீழே போய்விடுவார், நான் மேலே இருப்பேன், எட்டு போட்டுக்கொண்டே ஓய்வு வயது வரை ஓட்டிவிடலாம். அறுபது பேர் செத்துப் போவார்கள் என்று கணவர் சொன்னது ஞாபகம் வந்தது. என் பஸ்ஸில் ஒரே ஒரு ஆள்தான் இருந்தார். அவர் கண்ணெதிரே நின்றார்.

"சார், என் தாளைக் கொடுங்க" என்றேன்.

அவர் கொடுத்தார். சந்தேகத்தின் பென்சிலை எடுத்து, தலைப்பில் இருந்த 'இல்லை'யை அடித்துவிட்டு, 'ஆம்' என்ற கட்டத்தில் குறித்தேன். கட்டத்துக்கு வெளியேயும் கோடு போனது. திருப்பி அவரிடம் நீட்டினேன்.

"என்னம்மா இது?"

"மூணு மாசமா எனக்கு வாசனை தெரியாது சார். மாட்டுத்தாளும் இல்லை, ஒண்ணும் இல்லை. அதுல பூண்டு இருக்கிறது நீங்க படிச்சப்புறம்தான் எனக்கே தெரியும். இவரு எழுதினதெல்லாம் சரியாத்தான் இருக்கும். தப்பா எழுதினது நான்."

மேலாளர் நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார். பிறகு நடந்ததெல்லாம் அலுவலக வேலை. மூன்று மாதத் தாள்களையும் எடுத்துவரச் சொன்னார், 417க்குப் போட்ட எண்ணெயைச் சோதனைக்கூடத்துக்கு அனுப்பினார். என்னிடம் கோபமாகக்கூடப் பேசவில்லை, நாளைக்கு ஆபீசில் வந்து பார்க்கச் சொன்னார். பேக்கிங் பிரிவுதான், வேறென்ன? மற்ற நால்வரும் என் முகத்தைப் பார்க்காமல் கலைந்தார்கள். பெட்டியை மடிக்கக் கற்றுக்கொள்ள வேண்டும் என்று யோசித்தபடி வராந்தாவுக்கு வந்து கணவருக்குப் போன் செய்தேன்.

"கேக்ல பூண்டு எப்படி வந்துச்சு?" என்றேன்.

"சனிக்கிழமை ரொட்டிக்குத் தடவிக்கப் பூண்டு போட்ட சீஸ் ஒண்ணு வாங்கினேன்" என்றார். "உன் சட்டப்படி உறையைக் கிழிச்சு டப்பாவுல மாத்தி வச்சேன். இன்னிக்குக் காலையில அதைக் காணோம், சரி, நீ சாப்பிட்டிருப்பேன்னு விட்டுட்டேன்."

அவரைத் திட்ட வாயெடுத்தேன். திட்டுவதற்கு என்ன இருக்கிறது? என் சட்டத்தை இந்த உலகத்தில் மதித்த ஒரே மனுஷன் அவர்தான்.

"சொல்லிட்டேன்" என்றேன். எதை என்று அவர் கேட்கவில்லை. சாயங்காலம் டப்பாவுக்கெல்லாம் பெயர் எழுதி ஒட்டலாம், பேனாவும் காகிதமும் வாங்கி வருகிறேன் என்று மட்டும் சொன்னார்.

என் கைப்பையை எடுக்க ருசிக்கூடத்துக்குத் திரும்பினேன். சந்தேகம் தனியாக மேஜையருகே நின்றிருந்தார். பென்சில் மறுபடி அவர் பையில் இருந்தது. மீதிக் கேக் பெட்டியோடு அப்படியே கிடந்தது.

"தம்பி, மன்னிச்சிடுங்க" என்றேன்.

"இப்ப முடியாதுக்கா" என்றார். குரல் உயரவில்லை. "மூணு மாசமா வீட்டுல ஒரு வாய் சாப்பிடறதுக்கு முன்னாடி, இது சரியா இருக்கான்னு என் பொண்டாட்டியைக் கேட்டுக்கிட்டு இருந்தேன். பால் கெட்டிருக்குன்னு எனக்குத் தெரியும், சொல்ல பயம். தப்பா இருந்துட்டா? ஒரு நாள் என் பொண்ணு கெட்ட பாலைக் குடிச்சு வாந்தி எடுத்தா. மோந்து பார்த்துக் கொடுத்தவன் நான்."

பிஸ்கட்டால் யாருக்கும் ஒன்றும் ஆகாது என்று முதல் நாள் வாதாடியவள் நான். அழுதால் அவர்தான் ஆறுதல் சொல்ல வேண்டியிருக்கும் என்று அழாமல் நின்றேன். பெட்டியை மூடி நூலைத் தேடினேன், குப்பையில் போடுவதற்கு.

"இருங்க" என்றார்.

ஒரு கத்தியை எடுத்து ஒரு துண்டை வெட்டினார். மேலே, சுற்றிலும், நடுவில் என்று பூச்சு முழுவதையும் பொறுமையாக வழித்து ஓரமாகத் தள்ளினார். வெறும் கேக்கை மூக்கருகே கொண்டுபோய்க் கண்ணை மூடினார். கடித்தார். மென்று விழுங்கி, தண்ணீர் குடித்து, மறுபடி ஒரு கடி கடித்தார். எனக்கு அவர் முகத்தைப் பார்ப்பதைத் தவிர வேறு வழி இல்லை.

"வால்நட் ஒண்ணு ரெண்டு கருகியிருக்கு" என்றார். "கேரட் நல்லா இருக்கு, ஈரம் நிக்குது. ஜாதிக்காய் பின்னாடி லேசா வருது. பட்டை தூக்கல்."

"வீட்டுக்காரர் போட்டது" என்றேன்.

"ஏழு" என்றார்.

பத்தொன்பது வருஷத்தில் என் கேரட் கேக்குக்கு வீட்டிலோ சொந்தத்திலோ யாரும் ஒன்பதுக்குக் கீழே போட்டதில்லை.

"ஏழுதானா?"

"ஏழு."

அவர் 'என்று நினைக்கிறேன்' சொல்வதற்காகக் கொஞ்ச நேரம் காத்திருந்தேன். சொல்லவில்லை.